வேலூர் பக்கம் பைனான்ஸ் கம்பெனி வேலை: உள்ளே இருப்பவர்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை?

பி.காம் முடித்து ஒரு வருஷம் ஆகிறது, வீடு பள்ளிகொண்டாவில், கையில் இரண்டு ஆஃபர். ஒன்று ஒரு மைக்ரோபைனான்ஸ் (அடமானம் இல்லாமல் சிறு கடன் கொடுக்கும்) கம்பெனியின் ஆரணி கிளையில் ஃபீல்டு ஆபீசர் வேலை. இன்னொன்று வேலூரிலேயே ஒரு நகைக்கடன் கம்பெனியில் கவுன்டர் வேலை. நெட்டில் தேடினால் இரண்டைப் பற்றியும் பாதிப் பேர் ஆஹா ஓஹோ என்கிறார்கள், மீதிப் பேர் அந்தப் பக்கமே போகாதே என்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு உண்மையில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கடைசி வரியில், "சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் வெளியே வர விடுவார்களா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதை அரிப்பது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. டார்கெட்டையும் வெயிலையும் எப்படியோ சமாளித்துவிடலாம், மாட்டிக்கொண்டுவிடக் கூடாது என்ற பயம். அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் குடியாத்தம் பக்கம் ஃபீல்டு ஆபீசராகத் தொடங்கி, கிளை மேலாளராக இருந்து, இப்போது பல வருஷங்களாக உள் தணிக்கையில் இருக்கிறேன். பழைய வட ஆற்காடு முழுக்க, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், கிளை கிளையாகப் போய்வருவது என் வேலை. தணிக்கைக்குப் போகிறவன் ரெஜிஸ்டரை மட்டும் பார்ப்பதில்லை. மதியம் சேர்ந்து சாப்பிடும்போது பையன்களும் பெண்களும் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆனால் எனக்குப் பழக்கமானது மைக்ரோபைனான்ஸும் நகைக்கடனும்தான். வண்டிக் கடன், ஷேர் புரோக்கிங், தலைமை அலுவலக வேலை இவற்றில் நான் இருந்ததில்லை. அதைப் பற்றி நான் பேசினால் அது கேள்விப்பட்ட கதையாகத்தான் இருக்கும், விட்டுவிடுகிறேன்.

முதலில் அந்த ரிவ்யூக்கள். ஒரே கம்பெனியைப் பற்றி இரண்டு விதமாக எழுதுகிறவர்கள் இரண்டு பேருமே பெரும்பாலும் உண்மையைத்தான் எழுதுகிறார்கள். ஏனென்றால் ஃபீல்டு ஆபீசருக்கு கம்பெனி என்பது அவருடைய கிளையும், அவர் கைக்கு வருகிற பழைய கடன் புத்தகமும்தான். அவருக்கு முன்னால் இருந்தவர் வீட்டைப் பார்த்து, வருமானத்தை விசாரித்துக் கடன் கொடுத்திருந்தால், புதிதாக வருகிறவர் ஆறு மாதத்தில் "நல்ல வேலை" என்பார். முன்னவர் டார்கெட்டுக்காக வாரி இறைத்துவிட்டுப் போயிருந்தால், அந்தப் பாவத்தை வசூலிக்கப் போகிறவர் இரண்டாவது மாதமே ராஜினாமா எழுதுவார். கம்பெனியின் பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பிடித்த விஷயங்கள் என்று அவர்கள் சொல்வதில் முதலில் வருவது, வேலை கிடைத்ததே. போட்டித் தேர்வு இல்லை, அனுபவம் கேட்பதில்லை, சிபாரிசு வேண்டாம், டூவீலர் ஓட்டத் தெரிந்தால் போதும். இரண்டாவது மரியாதை. அணைக்கட்டு பக்கத்துக் கிராமத்தில் காலை ஏழு மணிக்கு ஒரு திண்ணையில் சென்டர் மீட்டிங், அதாவது கடன் வாங்கியவர்கள் கூடித் தவணை கட்டும் கூட்டம், நடக்கிறது என்று வையுங்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இருபத்திரண்டு வயசுப் பையன் டேப்லெட்டைத் திறந்து பேர் கூப்பிட்டு, நோட்டை எண்ணி, பாஸ்புக்கில் எழுதிக் கொடுக்கிறான். அவனை "சார்" என்று கூப்பிட்டு டீ போட்டுக் கொடுக்கிறார்கள். பொண்ணுக்கு காலேஜில் என்ன படிப்பு போடலாம் என்று அவனிடம் யோசனை கேட்கிறார்கள். சொந்த வீட்டில் யாரும் அவனிடம் யோசனை கேட்டிருக்க மாட்டார்கள். இந்த இடத்தில் பல பேர் வளர்ந்து நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, மேலே போகும் வேகம். நிதானமாக வேலை செய்தால் நான்கைந்து வருஷத்தில் கிளை மேலாளராகிவிடலாம். அதன் பிறகு சிறு நிதி வங்கிகளுக்குப் போகவும் வழி திறக்கும். சென்னையில் 2007-ல் மைக்ரோபைனான்ஸாகத் தொடங்கிய ஈக்விடாஸ் 2016-ல் சிறு நிதி வங்கியாகவே மாறியது. அந்த மாதிரி வங்கிகள் ஃபீல்டு தெரிந்த ஆட்களைத் தேடித்தான் எடுக்கின்றன.

இன்னொன்று கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். பல கிளைகளில் மாடியிலேயே பையன்கள் தங்க இடம் கொடுக்கிறார்கள், ஏழெட்டுப் பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறார்கள். வேலையை விட்டுப் போன பிறகும் நிறையப் பேர் நினைத்துப் பேசுவது அந்த வாழ்க்கையைத்தான். உங்களை பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்திலேயே போடாமல் ஆரணியில் போட்டிருப்பதற்குக் காரணமும் இருக்கிறது. சொந்த ஊரில் போட்டால் மாமன் மச்சானுக்குக் கடன் கொடுக்க வேண்டி வரும், வசூலில் கண்டிப்பு காட்ட முடியாது. இத்துறையில் இது பொதுவான வழக்கம், உங்களை மட்டும் தள்ளிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இனி பிடிக்காதவை. ஒரு பேச்சுக்கு உங்கள் கையில் 400 வாடிக்கையாளர்கள், ஆளுக்கு மாதம் 2,500 ரூபாய் டியூ என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10 லட்சம் வர வேண்டும். 98 சதவீதம் வந்துவிட்டது என்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பிரமாதமான வசூல். ஆனால் உங்கள் மத்தியானம் முழுவதையும் தின்பது மீதி எட்டு வீடுகள்தான். காலையில் 392 பேரிடம் வாங்கிய மரியாதை, மாலையில் அந்த எட்டு வாசலில் கரைந்துபோகும். அதன்மேல் சாயங்காலம் கான்ஃபரன்ஸ் கால். "அந்த எட்டு இன்னா ஆச்சு?" என்று ஏரியா மேனேஜர் எல்லார் காதிலும் விழும்படி கேட்பார். விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்டால் சம்பளத்தைவிட அதிகமாக நான் கேட்ட பதில் இந்த சாயங்கால கால்தான்.

வசூலுக்கும் விதிகள் உண்டு, அவை எழுத்தில் இருக்கின்றன. மைக்ரோபைனான்ஸுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கடனாளியைப் போனில் கூப்பிடக் கூடாது. மிரட்டவோ திட்டவோ கூடாது. சொந்தக்காரரையும் கூட வேலை செய்பவரையும் தொந்தரவு செய்யக் கூடாது. கட்டாயமாகக் கடன் வசூலிப்பதைத் தடுக்க தமிழ்நாடு அரசும் 2025-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. எனவே "ராத்திரி அவங்க வீட்டு வாசல்ல போய் உட்காரு" என்று எந்த மேலாளர் சொன்னாலும், போலீஸ் வந்தால் வாசலில் இருக்கப்போவது நீங்கள், அவர் அல்ல. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அந்த மாதிரி உத்தரவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்ப மாட்டார்.

அந்த எட்டுப் பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும், வேலையின் சாரமே அங்கேதான் இருக்கிறது. அதே 2022 விதிகள், வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதைத்தான் மைக்ரோபைனான்ஸ் கடன் என்கின்றன. அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 25,000 வருகிற வீடு என்றால் எல்லாத் தவணையும் சேர்ந்து 12,500-க்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே 11,000 கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு நீங்கள் இன்னொரு 3,000 தவணை போட்டால், நாலாவது ஐந்தாவது மாதம் அந்த வீடு உங்கள் எட்டில் ஒன்றாகிவிடும். படிவத்தில் வருமானத்தைக் கூட்டி எழுதுவது ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யத் தூண்டுவது எது? இன்சென்டிவ். எத்தனை கடன் கொடுத்தாய் என்பதற்கு மட்டும் காசு கொடுக்கும் கம்பெனியில் பையன்கள் கூட்டித்தான் எழுதுவார்கள். கொடுத்த கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தால்தான் இன்சென்டிவ் என்று வைத்திருக்கும் கம்பெனியில் அவர்களே "இந்த வீடு வேணாம் சார்" என்பார்கள். நான் பார்த்த கிளைகளில் ஊழியர்கள் நிம்மதியாக இருந்ததற்கும் நொந்துபோனதற்கும் இதைவிடப் பெரிய காரணம் எதையும் கண்டதில்லை. மேலாளரின் குணமெல்லாம் இதற்கு அடுத்ததுதான். நல்ல மனுஷனும் கெட்ட இன்சென்டிவ் திட்டத்தில் ஆறு மாதத்தில் கத்த ஆரம்பித்துவிடுவார்.

சின்ன விஷயம்தான், ஆனால் நம்ம பக்கத்தில் ரொம்ப முக்கியம்: டியூ தேதி. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிப் பெண்களுக்குச் சம்பளம் கைக்கு வருவது 7-ஆம் தேதிக்கும் 10-ஆம் தேதிக்கும் நடுவில். அவர்களுக்கு 3-ஆம் தேதி டியூ போட்டால் மாதாமாதம் பாக்கிதான், அவர்கள் மேல் தப்பே இல்லை. பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளுக்குக் கூலி வாரக் கணக்கில் வரும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றைக்கு ஊரில் யார் வீட்டிலும் பணம் கேட்க முடியாது. இதையெல்லாம் மும்பையில் உட்கார்ந்து காலண்டர் போடுகிறவர்கள் அறிய மாட்டார்கள், கிளை மேலாளர்தான் மேலே சொல்லி மாற்ற வேண்டும். சொல்கிற மேலாளர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது நான் சொல்வதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். வசூல் வராத நாளில் பையன்கள் கைக்காசு போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஒரு டியூ 2,500 தானே, சாயங்கால காலில் திட்டு வாங்குவதற்குப் பதில் நானே போட்டுவிட்டு நாளைக்கு அந்தம்மாவிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று. அந்தம்மா நாளைக்கும் தர மாட்டார். அடுத்த வாரம் இன்னொரு வாடிக்கையாளர் முன்கூட்டியே கொடுத்த பணத்தை எடுத்து இந்த ஓட்டையை அடைப்பார்கள், அந்த ஓட்டையை மூன்றாமவர் பணத்தால். ரோல் பண்ணுவது என்போம். தணிக்கையில் நாங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ப் பாஸ்புக்கையும் சிஸ்டத்தையும் ஒப்பிடும்போது இது கட்டாயம் வெளியே வரும். அன்றிலிருந்து அதற்குப் பெயர் கையாடல். பத்துப் பைசா சொந்தச் செலவுக்கு எடுக்காத பிள்ளைகள் மேல் போலீஸ் புகார் போனதைப் பார்த்திருக்கிறேன். அப்பா வந்து கிளை வாசலில் நின்று பணம் கட்டியதையும் பார்த்திருக்கிறேன். வசூல் வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுதுங்கள். திட்டு ஒரு சாயங்காலத்தோடு போய்விடும்.

நகைக்கடன் கவுன்டர் வேறு மாதிரி. வெயிலில் சுற்ற வேண்டாம், ஏ.சி., வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். பெண் ஊழியர்கள் அதிகம் விரும்புவது இதைத்தான். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் வைக்க வருகிற கூட்டம், பொங்கலுக்கு முன் மீட்க வருகிற கூட்டம், இரண்டையும் பார்த்துப் பழகினால் ஊரின் பொருளாதாரமே புரியும். கஷ்டம் எங்கே என்றால் பொறுப்பில். நகையை உரசிப் பார்த்து, ஆசிட் விட்டு, கல் எடையும் அரக்கு எடையும் கழித்து, வாடிக்கையாளர் முன்னால் எடை போட்டு, பாக்கெட்டில் சீல் வைக்கிறீர்கள். தாலிச்செயினில் கொக்கி மட்டும் தங்கமாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் போலி நகைகள் வருகின்றன. அதில் ஏமாந்தால் நஷ்டத்தை ஊழியரிடம் பிடிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. சேரும்போதே அப்படி ஒரு வரி ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். அவசரமாக வெளியே போகிறேன், என் சாவியையும் வைத்துக்கொள் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள்.

நகைக்கடனில் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட புது விதிகள் 2026 ஏப்ரல் 1-லிருந்து கட்டாயம். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் அதிகபட்சம் 85 சதவீதம்தான் தரலாம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. கடனைக் கட்டி முடித்தால் அன்றைக்கே, அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் கம்பெனியால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு. இது வாடிக்கையாளருக்கு நல்ல விதி. கவுன்டரில் இருப்பவருக்கு அதுவே நெருக்கடியாகவும் மாறும், ஏனென்றால் பாக்கெட் வேறு இடத்துப் பெட்டகத்தில் இருந்தாலும் பதில் சொல்ல நிற்பது நீங்கள். ஏல நோட்டீஸ் கொடுக்கும் மாதங்களில் கண்ணீரையும் சாபத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். அதுதான் தாங்கவில்லை என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார், அவர் நல்ல திறமைசாலி. இன்னொன்று, நாள் முழுக்க நின்றபடி வேலை வாங்கினால், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

வெளியே வருவது பற்றி. சேரும்போது ஒரிஜினல் மார்க் ஷீட், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை இரண்டையும் கேட்கும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. மாட்டிக்கொண்டவர்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டவர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்தில் மாட்டியவர்கள்தான். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்பது ஆஃபர் லெட்டரில் இருக்கும், ஒரு மாதம் நியாயம், மூன்று மாதம் என்றால் பேசிக் குறையுங்கள். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தந்துவிட வேண்டும். இது சட்டம். நடைமுறையில் 'நோ டியூ' கையெழுத்து, டேப்லெட் ஒப்படைப்பு என்று இழுப்பார்கள், அதற்கு மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்த ஒவ்வொன்றுக்கும் மெயிலில் ஒப்புதல் வாங்கினால் இழுப்பு குறையும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்தே சொல்கிறது. பி.எஃப். பணம் மாதாமாதம் ஏறுகிறதா என்று உங்கள் யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். கணக்கு அடையாள எண்) வைத்து நீங்களே பார்க்கலாம். ஏறவில்லை என்றால் வேலூரிலேயே பி.எஃப். மண்டல அலுவலகம் இருக்கிறது. சம்பளம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ. கட்டாயம். டூவீலரில் சுற்றும் ஃபீல்டு ஆபீசருக்கு அது வெறும் பிடித்தம் இல்லை, வேலை நேர விபத்தில் அடிபட்டுப் படுத்தால் சம்பளத்தில் 90 சதவீதம் அதிலிருந்து வரும்.

உங்கள் இரண்டு ஆஃபருமே கடன் கொடுக்கும் கம்பெனி என்பதால் ஒரு ஆறுதல். சேரும் முன் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வேறு எங்காவது, "உங்க சொந்தக்காரங்ககிட்ட டெபாசிட் பிடிச்சுக் கொடுங்க, மாசம் இவ்வளவு வட்டி" என்று வேலை தந்தால் சம்பளம் எவ்வளவு சொன்னாலும் திரும்பி வந்துவிடுங்கள். 2022-ல் காட்பாடியை மையமாக வைத்து நடந்த முதலீட்டு மோசடியில் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போட்ட பிறகு, ஏஜென்டாக இருந்தவர்கள் ஊருக்குள் தலைகாட்ட முடியாமல் போனது நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பணம் போட்டவர்கள் அவர்களுடைய அக்கா வீடும் சித்தப்பா வீடும்தான்.

எதில் சேரலாம் என்று என்னைக் கேட்டால், உங்கள் வயதில் ஆரணிக்குப் போவதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. எச்.ஆரிடம் இன்சென்டிவ் விவரத்தை எழுத்தில் கேளுங்கள். வசூல் தரத்துக்கு அதில் இடமே இல்லை என்றால் நகைக்கடனில் சேருங்கள், வேலூரிலேயே இருக்கலாம். இடம் இருந்தால், ஒரு நாள் காலை ஆரணிக்குப் பஸ் ஏறி, கிளைக்குப் பக்கத்து டீக்கடையில் எட்டு மணி வாக்கில் நில்லுங்கள். சென்டர் முடித்துத் திரும்பும் பையன்களில் ஒருவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "உங்க ஓடி (தவணை பாக்கி) லிஸ்ட்ல எத்தனை பேர்?", "போன மாசம் கைக்காசு போட்டீங்களா?" இரண்டாவது கேள்விக்கு அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினால் அந்தக் கிளை வேண்டாம். முப்பது நாற்பது பேர் பாக்கி, ஆனால் கைக்காசு போடுவதில்லை என்று நேராகச் சொன்னால் தாராளமாகச் சேருங்கள், கஷ்டம் இருக்கும், ஆனால் கணக்கு சுத்தமாக இருக்கும். ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் காலமும் நஷ்டப் பிடித்தம் பற்றிய வரிகளும் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று, கம்பெனி பேரை மறைத்துவிட்டு, இங்கேயே எழுதுங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.